ஷெரி டர்க்கிளும் இயந்திரக் கண்ணாடியும்

ஆய்வாளர் ஒருவர் தம் வாழ்நாளின் முற்பாதியில் போற்றியதையே பிற்பாதியில் பழித்தார் என்று ஒரு குற்றச்சாட்டு எழுமானால், அதனை இரு வகையாக ஆராயலாம். அவர் மாறினாரா என்று பார்ப்பது ஒன்று. அவர் ஆராய்ந்த பொருள் மாறிற்றா என்று பார்ப்பது மற்றொன்று. கணிப்பொறிக்கும் மனித மனத்திற்கும் இடையே உள்ள உறவைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட அமெரிக்கப் பேராசிரியர் ஷெரி டர்க்கிள் அம்மையார்மீது இக்குற்றச்சாட்டு நெடுநாளாகச் சுமத்தப்பட்டு வருகிறது. 1996ஆம் ஆண்டில் 'வயர்ட்' என்னும் இதழ் அவருடைய படத்தைத் தன் அட்டையில் தாங்கி வந்தது. இணைய உலகின் விடியலை எடுத்துரைத்த அறிஞர் என்னும் புகழ் அன்று அவருக்கு இருந்தது. 2011இல் அவரே எழுதிய நூலோ, அந்த விடியலில் மக்கள் ஒருவரையொருவர் இழந்து வருகின்றனர் என்றது. கருவிகளைப் பள்ளிக்குள் வரவேற்போர் முற்கால டர்க்கிளையும், விலக்குவோர் பிற்கால டர்க்கிளையும் சான்று காட்டுகின்றனர். இரு சாராரும் ஒருவரையே இரு கூறாக்கிப் பங்கிட்டுக் கொள்கின்றனர். இப்பங்கீடு சரியா என்பதை அவருடைய நூல்களே சொல்ல வேண்டும்.

டர்க்கிள் 1948இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் ஆளுமை உளவியலும் பயின்று 1976இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய முதல் நூல் கணிப்பொறியைப் பற்றியதன்று. 1968ஆம் ஆண்டு மே மாதக் கிளர்ச்சிக்குப் பின்னர்ப் பிரான்சு நாட்டில் பிராய்டின் உளப்பகுப்பாய்வு எவ்வாறு படித்தோர் பேச்சிலும் பொதுமக்கள் பேச்சிலும் பரவியது என்பதை ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார். லக்கான் என்னும் பிரெஞ்சு உளவியலறிஞர் அந்நூலின் நடுநாயகர். பலர் இந்நூலைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர், அது தவறு. அறிஞர்கள் வகுத்த ஒரு கோட்பாடு கடைத்தெருவுக்கு வந்து சாதாரண மனிதன் தன்னைப் பற்றி எண்ணும் முறையை மாற்றுவது எவ்வாறு என்பதே அந்நூலின் கேள்வி. பிராய்டு இருந்த இடத்தில் பின்னர்க் கணிப்பொறி வந்து அமர்ந்தது, கேள்வி மாறவில்லை.

1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் பணியேற்றபோது அங்கே ஜோசப் வைசன்பாம் இருந்தார். 1966இல் 'எலிசா' என்னும் உரையாடும் நிரலை ஆக்கியவர் அவர். எதிரே இருப்பவர் தட்டெழுதும் தொடரையே சிறிது திருப்பிக் கேள்வியாக்கித் தரும் எளிய சூழ்ச்சி அது. பொருள் எதுவும் அதற்கு விளங்காது. ஆயினும் அதனை நன்கறிந்தவர்களே அதனிடம் மனம் திறந்து பேச விழைந்தனர். வைசன்பாம் இது கண்டு அஞ்சினார். தம் அச்சத்தை 1976இல் ஒரு நூலாகவும் எழுதினார். அவருடன் சேர்ந்து பாடம் நடத்திய டர்க்கிள் அன்று அஞ்சவில்லை. இயந்திரத்திற்கு ஒன்றும் தெரியாது என்று அறிந்தே மக்கள் அதனோடு விளையாடுகின்றனர், அது தம்மிடமே பேசிக்கொள்ளும் ஒரு நாட்குறிப்பைப் போன்றது என்று கருதினார். பேசுவோர் எலிசாவுக்கு விளங்கக்கூடிய வகையில் தம் சொற்களை வேண்டுமென்றே அமைத்துக் கொடுத்து, அதன் குறையைத் தாமே மறைத்து உதவினர் என்பதைப் பின்னாளில் அவர் அழுத்திச் சொன்னார். மனிதனே தன் ஏமாற்றத்துக்குத் துணைபோகிறான் என்னும் இந்நுட்பம் வைசன்பாமின் அச்சத்தைவிட ஆழமானது.

1984இல் வெளிவந்த 'தி செகண்ட் செல்ஃப்', அதாவது 'இரண்டாவது தன்னுரு', அவருடைய நூல்களுள் தலைசிறந்தது எனலாம். பிற்கால நூல்கள் மிகுதியாக விற்றிருக்கலாம். கற்பிப்போர்க்குக் கருவூலமாக அமைவது இதுவே. கடற்கரையில் சிறுவர் சிலர் 'மெர்லின்' என்னும் மின்விளையாட்டுப் பொருளை வைத்து விளையாடும் காட்சி ஒன்று அதில் வருகிறது. தோற்றுப்போன ஒருவன், இது ஏமாற்றுகிறது என்று சினந்து அதனை மணலில் வீசுகிறான். மற்றவர்கள் அதனை எடுத்து வைத்துக்கொண்டு வாதிடத் தொடங்குகின்றனர். ஏமாற்ற வேண்டுமானால் ஏமாற்றுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டுமே, இதற்கு அது தெரியுமா? தெரியாதென்றால் ஏமாற்றிற்று என்று எப்படிச் சொல்வது? ஆறு, ஏழு, எட்டு வயதுச் சிறுவர்கள் மெய்யியலாளர் பேச்சைத் தாமறியாமலே பேசுகின்றனர். டர்க்கிள் இடையே புகுந்து திருத்தவில்லை. சரியான விடை இன்னதென்று அறிவிக்கவுமில்லை. கேட்டு எழுதுகிறார்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் பியாஜேயைக் கற்றவர்கள். எது உயிருள்ளது என்று கேட்டால் குழந்தை முதலில் அசைவதெல்லாம் உயிருள்ளது என்னும். பின்னர்த் தானே அசைவது மட்டும் உயிருள்ளது என்னும் என்பது அவர் கண்ட வளர்ச்சிப் படி. இயற்கைப் பொருள்களையும் சைக்கிளையும் மேகத்தையும் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்கு அது பொருந்திற்று. கணிப்பொறியின்முன் அமர்ந்த குழந்தைகளிடம் டர்க்கிள் கண்டது வேறு. அவர்கள் அசைவைப் பற்றிப் பேசவில்லை. அதற்குத் தெரியுமா, உணருமா, தானாக எண்ணுமா என்று பேசினர். உயிரைப் பற்றிய கேள்வி உடலைவிட்டு உள்ளத்துக்கு ஏறிவிட்டது. தொல்காப்பிய மரபியலைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் சற்று நிற்பது தகும். ஊற்றுணர்வில் தொடங்கிப் படிப்படியாக ஏறி ஆறாவதாக மனத்தை வைத்தது அம்மரபு. இக்குழந்தைகளோ ஊறு, சுவை, நாற்றம் எதுவும் இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு ஆறாவதிலிருந்தே கேள்வியைத் தொடங்கினர். ஐந்து படிகளைத் தாண்டி ஆறாம் படியில் நிற்கும் பொருள் ஒன்று உண்டாகும் என்று பழைய வகைப்பாடுகள் எவையும் எதிர்பார்க்கவில்லை.

அந்நூலில் வரும் ஆன் என்னும் சிறுமியின் கதையும் மறக்கத்தக்கதன்று, பெயர் புனைபெயர். திரையில் பறவைகள் பறந்து மறைந்து தோன்ற வேண்டும் என்பது அவள் ஆசை. கணக்கியல் வழியில் அதற்கொரு முறை உண்டு. அவள் அதனை நாடாமல், வானத்தின் நிறத்திலேயே ஒரு திரையை வரைந்து பறவையின்மேல் போர்த்தி அதனை மறைத்தாள். ஓவியன் மூளை! இத்தகைய வழியைக் குறையென எண்ணாமல், கணிப்பொறியை ஆள்வதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட நெறிகள் உண்டு என்று டர்க்கிள் நிறுவினார். ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றியவரும் குழந்தைகளுக்கான 'லோகோ' மொழியை ஆக்கியோருள் ஒருவருமான சீமோர் பாப்பெர்ட்டுடன் சேர்ந்து 1990இல் இதனை ஒரு கட்டுரையாகவும் விரித்தார். பாப்பெர்ட் குழந்தைக்குக் கணிப்பொறி என்ன கற்பிக்கும் என்று கேட்டார். டர்க்கிள் குழந்தை கணிப்பொறியை என்னவாக ஆக்கிக்கொள்கிறது என்று கேட்டார். இரண்டாவது கேள்வியே வகுப்பறைக்கு அணித்தானது.

இந்நூல் வெறும் வரவேற்புப் பா என்று எண்ணுவோர் அதன் பிற்பகுதியைப் படிக்கவில்லை. இரவு பகலாகக் கணிப்பொறியோடு வாழ்ந்த இளைஞர்களை அவர் அங்கே காட்டுகிறார். தனிமைக்கு அஞ்சுகிறவன் மனித நெருக்கத்துக்கும் அஞ்சுகிறான். அவனுக்கு எதையும் வேண்டாத துணையாகக் கணிப்பொறி வந்து வாய்க்கிறது என்னும் கருத்தை அவர் எழுதியது 1984இல். 2011ஆம் ஆண்டு நூலின் விதை இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே விழுந்துவிட்டது. இதனைப் பாராமல் அவர் பின்னாளில் தடம் மாறினார் என்பது படியாதார் கூற்று.

1995இல் வந்த 'லைஃப் ஆன் தி ஸ்கிரீன்', 'திரையில் வாழ்வு', அவருக்குப் பெரும்புகழ் தந்தது. எழுத்தாலேயே அறைகளும் தெருக்களும் அமைந்து, பலர் ஒருங்கே நுழைந்து வேற்றுப் பெயர் பூண்டு வாழ்ந்த கணிப்பொறி விளையாட்டு உலகங்கள் அதன் களம். ஆடவன் பெண்ணாகிறான், அஞ்சுகிறவன் வீரனாகிறான். ஒரே நேரத்தில் பல உலகங்களில் பல உருவம் தாங்கும் கல்லூரி மாணவன் ஒருவன், மெய்வாழ்க்கையும் தன் திரையில் திறந்திருக்கும் சாளரங்களுள் ஒன்றே என்கிறான். தன்னுரு என்பது ஒன்றன்று, பல என்று பாரிசில் ஏட்டில் கற்ற கோட்பாடு இங்கே கைக்கெட்டும் பொருளாக வந்து நின்றது. எரிக்சன் வளரிளம் பருவத்துக்கு வேண்டும் என்று கூறிய விளைவஞ்சாத சோதனைக் காலத்தை இவ்வுலகங்கள் அளிக்கின்றன என்றும் அவர் கண்டார். மகிழ்ச்சி தொனிக்கும் நூல்தான். ஆயினும் ஸ்டூவர்ட் என்னும் புனைபெயரில் வரும் மாணவன் அதிலேயே இருக்கிறான். திரையுலகில் திருமணம் வரை சென்றும், வெளியே வந்தபோது முன்னிலும் தனியனாய்த் தன்மதிப்புக் குன்றி நின்றவன் அவன். நூலைப் புகழ்ந்தோர் அவனை மறந்தனர்.

அப்படியாயின் மாற்றமே இல்லையா? உண்டு, அது இயந்திரத்தில் நிகழ்ந்தது. மெர்லின் விளையாடியது, மனிதனைப் பார்த்து அன்பு கேட்கவில்லை. 1990களின் நடுவில் அதே கழகத்தில் ராட்னி புரூக்சின் குழுவினர் 'காக்' என்னும் எந்திர உருவத்தை அமைத்தனர். அதன் கண்கள் தம்மைப் பின்தொடர்ந்தபோது, அனைத்தும் அறிந்த டர்க்கிளே ஒரு கணம் அதன் கவனத்தைத் தமக்கெனப் பெற விழைந்ததாக ஒப்புக்கொள்கிறார். 1998இல் 'ஃபர்பி' என்னும் பொம்மை வந்தது. தன்னைப் பேணுமாறும் தன்னோடு பேசுமாறும் கேட்டது. 2001இல் காக், கிஸ்மெட் ஆகிய எந்திரங்களின்முன் ஏறத்தாழ அறுபது குழந்தைகளைக் கொண்டுவந்து அமர்த்தி அவர் ஆராய்ந்தபோது, இது உயிருள்ளதா என்னும் பழைய கேள்வி தேய்ந்து போயிருந்தது. எதற்கு வேண்டுமோ அதற்குப் போதிய அளவு உயிருள்ளது என்னும் புதிய விடை பிறந்திருந்தது. 'போதும்' என்னும் இச்சொல்லே அவருடைய பிற்காலச் சிந்தனையின் அச்சு. தன் மகளை அழைத்துக்கொண்டு 2005இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டார்வின் கண்காட்சிக்குச் சென்றார் அவர். கலாபகோஸ் தீவிலிருந்து கொணர்ந்த ஆமை அசையாது கிடந்தது. இதற்கு எந்திர ஆமையே போதுமே என்றாள் மகள். உயிருள்ளதற்காக உயிரைப் போற்றும் உணர்வே மங்கிற்றோ என்று தாய் திகைத்தார்.

இத்திகைப்பிலிருந்து எழுந்ததே 2011இல் வெளிவந்த 'அலோன் டுகெதர்'. 'சேர்ந்திருந்தும் தனியே' எனலாம். யாப்பிலக்கணம் கற்றோர் இத்தலைப்பில் முரண் நயத்தைக் காண்பர். நூல் இரு பகுதியுடையது: முற்பகுதி எந்திரங்களைப் பற்றியது, பிற்பகுதி கைபேசியும் இணையமும் பற்றியது. முற்பகுதியே வலியது. முதியோர் இல்லம் ஒன்றில் மிரியம் என்னும் எழுபத்திரண்டு வயது மூதாட்டி, ஜப்பானில் உருவான 'பாரோ' என்னும் கடல்நாய்ப் பொம்மையைத் தடவிக் கொடுக்கிறார். மகனோடு கொண்ட பிணக்கினால் வருந்தும் அவர், அப்பொம்மை வருந்துவதாக எண்ணி அதனைத் தேற்றுகிறார். தேற்றுவதால் தாமும் தேறுகிறார். பார்த்து நின்ற செவிலியர் மகிழ்ந்தனர். டர்க்கிள் மகிழவில்லை. மூதாட்டி ஆறுதல் பெற்றார் என்பதை அவர் மறுக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்க அங்கே எவரும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறார். இவ்வளவில் நின்றதே இப்பகுதியின் பெருமை.

பிற்பகுதியில் குரல் சற்றே மாறுகிறது. 2015இல் வந்த 'ரீகிளெய்மிங் கான்வர்சேஷன்', 'உரையாடலை மீட்டல்', முழுதும் அம்மாறிய குரலிலேயே அமைந்தது. இங்கேதான் திறனாய்வாளன் தயங்க வேண்டும். நூலின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள் அவரை அழைக்கின்றனர். மாணவர்கள் பிறர் முகக்குறிப்பை உணரவில்லை, பன்னிரண்டு வயதினர் எட்டு வயதினர்போல் பழகுகின்றனர் என்பது அவர்கள் கவலை. கவலை மெய்யானது, ஆசிரியப் பணியில் இருப்போர் பலர்க்கும் பழகியது. ஆயினும் ஆசிரியர் கூறியது அளவுக்கு அம்மாணவர் கூறியது அங்கே கேட்கவில்லை. மெர்லினைச் சுற்றி நின்ற சிறுவர்கள் பேசியபோது ஒதுங்கி நின்ற ஆய்வாளர், இப்போது முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சான்றுகளை அழைக்கிறார்.

சான்றுகளும் உரசிப் பார்க்கத்தக்கன. அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே ஒத்துணர்வு 1979க்கும் 2009க்கும் இடையே 40 விழுக்காடு குறைந்தது என்னும் ஆய்வை அவர் பெரிதும் நம்புகிறார். சாரா கோன்ராத் முதலியோர் செய்த ஆய்வு அது. அதே கோன்ராத் குழுவினர் 2018 வரை கணக்கை நீட்டி 2023இல் வெளியிட்டபோது, 2008க்குப் பின்னர் ஒத்துணர்வு மீண்டும் உயர்ந்திருக்கக் கண்டனர். திறன்பேசி பரவிய ஆண்டுகள் அவையே அல்லவா? 2015இல் எழுதியவர் 2023ஆம் ஆண்டு முடிவை அறிந்திருக்க இயலாது. அவரைக் குறைகூறுதல் ஆகாது. ஆனால் ஓர் எண்ணின்மேல் ஒரு தலைமுறையின் நெஞ்சத்தையே ஏற்றி வைத்தது அவசரம். அந்நூலை இன்று வகுப்பில் எடுத்துரைப்போர் இதனையும் சேர்த்துரைப்பதே நேர்மை. ஐந்து நாள் திரையின்றி முகாமில் இருந்த சிறுவர்கள் பிறர் உணர்வை முகம் பார்த்து அறிவதில் முன்னேறினர் என்னும் மற்றொரு ஆய்வு ஊக்கம் தருவது. மெய்ப்பாட்டியல் கற்பிப்போர் அதனை விரும்புவர். முகாமில் நண்பரோடு இருந்ததால் வந்த முன்னேற்றமா, திரை இல்லாமையால் வந்த முன்னேற்றமா என்பதை அது பிரித்துக் காட்டவில்லை.

டானா பாய்டு என்னும் ஆய்வாளர் 2014இல் எழுதிய நூலை இதனருகே வைத்துப் படிக்க வேண்டும். இளையோர் கருவிக்கு அடிமைப்பட்டுச் செல்லவில்லை. வெளியே கூடித் திரிய அவர்களுக்கு இருந்த இடங்களைப் பெரியோரின் அச்சம் அடைத்துவிட்டமையால் நண்பரைத் தேடி அங்கே செல்கின்றனர் என்பது அவர் முடிவு. தோரோ தம் குடிலில் தனிமைக்கொன்று, நட்புக்கொன்று, கூட்டத்துக்கொன்று என மூன்று நாற்காலிகள் வைத்திருந்ததாக எழுதியதைத் தம் நூலுக்குச் சட்டகமாகக் கொண்டார் டர்க்கிள். அழகிய சட்டகந்தான். நாற்காலி போட இடமில்லாத வீடுகளும், பெற்றோர் இருவரும் இரவில் வேலைக்குச் செல்லும் வீடுகளும் உலகில் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைக்குக் கைபேசி என்னவாக இருக்கிறது என்று அந்நூல் போதிய அளவு கேட்கவில்லை.

2021இல் டர்க்கிள் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதனைப் படித்தோர், அனைத்தும் விளங்கிற்று என்று வியந்தனர். தாய் மறுமணம் செய்துகொண்ட பின், பிறந்த தந்தையின் பெயரை மறைத்து வாழுமாறு பணிக்கப்பட்ட சிறுமி அவர். பின்னாளில் அத்தந்தையைத் தேடிக் கண்டபோது, குழந்தைப் பருவத்தில் அவர் தம் மகளையே சோதனைப் பொருளாக்கி, அழைத்தாலும் மறுமொழி கூறாதிருந்து அவள் செயலைக் கவனித்தவர் என்று தெரியவந்தது. முகம் தராத ஒருவர்முன் இருந்த குழந்தை, முகமில்லாத இயந்திரத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியதில் வியப்பென்ன என்று முடித்துவிடுவது எளிது. வாழ்க்கையைக் கொண்டு நூலை அளப்பது திறனாய்வின் சோம்பல். அவ்வரலாறு விளக்குவது அவர் ஏன் கேட்டார் என்பதை. கேட்டதில் கண்டது மெய்யா என்பதை அன்று. ஆயினும் ஒரு காட்சியைத் தள்ள முடியவில்லை. 2007இல் தொகுத்த நூலின் முன்னுரையிலேயே அதனை அவர் எழுதியிருந்தார். பாட்டன் பாட்டி வீட்டின் பழம்பொருள் அலமாரியில் சிறுமி தந்தையின் தடயம் தேடுகிறாள். ஒரு நிழற்படம் கிடைக்கிறது. அதில் அவர் முகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. உடை, நிற்கும் பாங்கு, காலணி ஆகியவற்றைக் கொண்டு அவள் ஓர் ஆளை உருவாக்கிக்கொள்கிறாள். சிறு பொருள்களைக் கூர்ந்து நோக்கி மனிதரை அறியும் அவருடைய முறை அங்கே தொடங்குகிறது. 'தி செகண்ட் செல்ஃப்' நூலின் வலிமை அம்முறையிலேயே இருக்கிறது. 2015ஆம் ஆண்டு நூலின் மெலிவு அதைக் கைவிட்ட இடங்களில் இருக்கிறது.

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பின்னர், இயந்திரம் நண்பனாகவும் காதலனாகவும் மருத்துவனாகவும் நடிக்கும் நிலையைச் 'செயற்கை நெருக்கம்' என்று பெயரிட்டு டர்க்கிள் எச்சரித்து வந்திருக்கிறார். வைசன்பாமின் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம். எச்சரிக்கை வேண்டுவதே. அதனினும் வேண்டுவது 1984இல் அவர் செய்த வேலை: இப்புதிய இயந்திரத்தின் அருகே குழந்தைகளோடு அமர்ந்து, திருத்தாமல் கேட்டு எழுதும் வேலை. முன்னைப்போல் அது எளிதாக இராது. மணலில் கிடந்த மெர்லினைச் சுற்றி நின்ற சிறுவர்கள், இதற்குத் தெரியுமா என்னும் கேள்வியை ஒருவரோடொருவர் வாதிட்டனர். இன்று தன் அறையில் தனியே இருக்கும் சிறுவன் அக்கேள்வியை அந்த இயந்திரத்திடமே கேட்கிறான். அதுவும் மறுமொழி கூறுகிறது.